மேஜரின் இடது கை

தண்ணிவண்டிக்காரர் என்று எல்லோரும் கூப்பிடுவதை வைத்து மனுஷன் குடிகாரர் என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு சொட்டுக்கூடத் தொட்டதில்லை. எல்லைச் சண்டை நடந்த காலத்தில் பட்டாளத்தில் தண்ணீர் லாரி ஓட்டினார், அதனால் ஒட்டிக்கொண்ட பெயர். சண்டை முடிந்து நாற்பது வருஷம் ஆகிவிட்டது. இப்போது ஒரு பழைய காரை வைத்துக்கொண்டு டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். "ரெண்டு கையும் ஸ்டியரிங்ல இருக்கணும்" என்பதைத் தவிர அவர் யாருக்கும் பெரிய உபதேசம் எதுவும் செய்ததில்லை. எதிர்வீட்டு வாசலில் அந்தப் பித்தளைப் பலகையை அடிக்கும்வரை நிம்மதியாகத்தான் இருந்தார்.

எதிர்வீடு அவருடைய மச்சான் வீடு, அதாவது மனைவியின் அண்ணன். அதே சண்டையில், அதே படைப்பிரிவில், வயர்லெஸ் பெட்டியை முதுகில் சுமந்துகொண்டு திரிந்தவர். ஆகவே அவர் பெயர் வயர்லெஸ். பலகையில் இப்படிப் பொறித்திருந்தது: "இங்கே அசல் மனிதர் வசிக்கிறார். பாத்திரம்: மேஜர். பொருத்தம்: 62 சதவீதம்." கீழே அசல் மனிதர் வாரியத்தின் முத்திரை.

வாரியம் என்னவென்று சொல்லிவிட வேண்டும். போர்ப்படம் ஒன்று வந்துவிட்டால் போதும், "அது நான்தான்" என்று நாலு பேர் கிளம்பிவிடுவார்கள். படத்தின் தொடக்கத்தில், "இதில் வரும் பாத்திரங்கள் அனைத்தும் கற்பனையே, உயிரோடிருப்பவரையோ இறந்தவரையோ குறிப்பன அல்ல" என்று எழுத்துப் போடுவார்கள். அதைச் சத்தமாகப் படித்துக்கொண்டே, பக்கத்து சீட்டுக்காரரிடம் "எங்க சித்தப்பாவைத்தான் சொல்றாங்க" என்பார்கள். ஒரு தடவை ஒரே தளபதிக்குப் பதினோரு பேர் உரிமை கொண்டாடி, தியேட்டர் வாசலில் சட்டை கிழிந்தது. அரசாங்கம் யோசித்தது. எந்தக் கற்பனைப் பாத்திரம் எந்த நிஜ மனிதரிடமிருந்து எடுக்கப்பட்டது என்று அதிகாரபூர்வமாகத் தீர்மானிக்க ஒரு வாரியத்தை அமைத்தது. கற்பனை என்று எழுத்துப் போடுகிற துறையும் அதே கட்டடத்தில், அதற்கு மேல்மாடியில்தான் இருக்கிறது. இரண்டு துறைக்கும் ஒரே டீக்காரர்.

இனி, சண்டையில் அன்றைக்கு நடந்தது. ஆற்றங்கரை முகாமைக் காலி செய்துவிட்டுப் பின்வாங்கச் சொல்லி உத்தரவு வந்தது. ஆம்புலன்ஸ் முன்பே போய்விட்டது. படுகாயம் பட்டவர்கள் ஏழெட்டுப் பேர் கிடந்தார்கள். மிச்சமிருந்த ஒரே வண்டி தண்ணீர் லாரி. தண்ணிவண்டிக்காரர் தண்ணீரைத் திறந்துவிட்டார். மேல்மூடி வழியாக ஒவ்வொருவரையும் தொட்டிக்குள் இறக்கிப் படுக்கவைத்தார். கால் சுளுக்கிக்கொண்ட வயர்லெஸ்ஸும் உள்ளே இறங்கினார். பாலத்தைச் சுற்றிக் குண்டு விழுந்துகொண்டிருக்கும்போதே லாரியை ஓட்டி அக்கரை சேர்த்தார். மூடியைத் திறந்ததும் முதல் ஆளாக வெளியே வந்து தரையில் குதித்தவர் வயர்லெஸ். அங்கே காத்திருந்த அதிகாரி, நிற்கிற நிலையில் இருந்த ஒரே ஆள் அவர்தான் என்பதால், அவர் கையைப் பிடித்துக் குலுக்கி "சபாஷ்" என்றார். தண்ணிவண்டிக்காரர் அந்த நேரம் வண்டிக்கு அடியில் படுத்து, ஒழுகுகிற டீசல் குழாயைத் துணியால் கட்டிக்கொண்டிருந்தார். அன்று தப்பான விலாசத்துக்குப் போன சபாஷ் அங்கேயே தங்கிவிட்டது.

இன்னொன்றும் உண்டு, அது தண்ணிவண்டிக்காரருக்கு மட்டும் தெரியும். பாலத்தில் போகும்போது தொட்டிக்குள்ளிருந்து யாரோ சுவரில் தட்டிக்கொண்டே வந்தார்கள். தட்டியவர் வயர்லெஸ். "இறக்கி விடுடா, நான் போறேன், எங்கம்மாகிட்ட போறேன்" என்று சின்னப் பிள்ளைபோல அழுதுகொண்டே தட்டினார். தண்ணிவண்டிக்காரர் அதை யாரிடமும் சொன்னதில்லை. பயந்த மனுஷன் இருட்டில் அழுவது வெளியே சொல்கிற விஷயமா என்ன. அந்த வருஷமே வயர்லெஸ் தன் தங்கையை அவருக்குக் கட்டிக்கொடுத்தார். அதற்குப் பிறகு சொல்லவே முடியாது.

நாற்பது வருஷம் இதெல்லாம் ஒரு பொருட்டாகவே இல்லை. அந்தச் சண்டையை வைத்துப் படம் வந்தது, எல்லாம் கெட்டது. டைரக்டர் முன்பே வயர்லெஸ்ஸைத் தேடி வந்து பேட்டி எடுத்திருந்தார். வயர்லெஸ்ஸுக்குப் பேசுவதற்குச் சொல்லித்தர வேண்டுமா. படத்தில் அந்தச் சிப்பாய் மேஜராகப் பதவி உயர்வு பெற்றிருந்தார். மேஜரே லாரியை ஓட்டினார். ஒரு கையில் ஸ்டியரிங், மறு கையில் வயர்லெஸ் ரிசீவர். "நான் ஓட்டுவது வண்டியை அல்ல, வரலாற்றை" என்று அதில் வசனம் பேசினார். லாரிக்கு டிரைவர் என்று ஒருவர் படத்தில் இல்லவே இல்லை. தொட்டிக்குள்ளிருந்து தட்டும் சத்தம் மட்டும் இருந்தது. "நாங்க இருக்கோம் மேஜர்" என்று காயம்பட்ட வீரர்கள் தட்டுகிறார்களாம். அந்த இடத்தில் தியேட்டர் எழுந்து நின்று கைதட்டியது. தண்ணிவண்டிக்காரர் உட்கார்ந்தே இருந்தார், பின்சீட்டுக்காரர் அவரைத் தேசப்பற்று இல்லாதவர் என்று திட்டினார்.

அதன் பிறகு தெருவில் வயர்லெஸ்ஸை "மேஜர் சார்" என்றுதான் கூப்பிட்டார்கள். வங்கி வரிசையில் முன்னால் விட்டார்கள். பள்ளிக்கூட விழாக்களில் நடுநாற்காலி கொடுத்தார்கள். படத்தில் மேஜர் இடது காலை இழுத்து நடப்பார். வயர்லெஸ்ஸுக்குச் சுளுக்கியது வலது கால். வாரியம் பயிற்சி கொடுத்து இடது காலுக்கு மாற்றியது. தினமும் காலையில் அவர் இடது காலை இழுத்துக்கொண்டே பால் வாங்கப் போவதை ஜன்னல் வழியாகப் பார்க்கும்போது தண்ணிவண்டிக்காரருக்கு வயிறு எரியும். சாப்பாடு இறங்காது. பொறாமை என்று சொன்னால் கோபித்துக்கொள்வார், "அஜீரணம்" என்பார்.

தெருக்காரர்கள் போகட்டும். அவருக்கு உறுத்தியது வீட்டுக்குள் இருந்த ஆள். ஒருநாள் மனைவியிடம் கேட்டேவிட்டார்.

"லாரியை ஓட்டினது யாருன்னு உனக்குத் தெரியும்ல?"

"தெரியாம என்ன?"

"அப்போ உங்க அண்ணன் இப்படி இழுத்து இழுத்து நடக்கறதைப் பார்த்துட்டு எப்படிச் சும்மா இருக்கே?"

"விடுங்களேன். அது பாவம், வயசான காலத்துல ஆசைப்படுது. உங்களுக்கு எதுக்கு இந்தப் பட்டமெல்லாம்?"

உங்களுக்கு எதுக்கு. அந்த வார்த்தை முள்ளாகக் குத்திக்கொண்டது. அண்ணனுக்கென்றால் பட்டம் பொருந்தும், கட்டினவனுக்கென்றால் அதிகப்படி, இவள் மனசில் நான் வெறும் டிரைவர்தான் என்று முடிவு கட்டினார். இந்த ஒருத்திக்காவது வாரியத்தின் முத்திரையோடு நிரூபித்துக் காட்டாமல் விடுவதில்லை என்று மறுநாளே சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

கவுன்ட்டரில் ஒரு குமாஸ்தா அம்மாள் உட்கார்ந்திருந்தார். முகத்தைத் தூக்காமலே கேட்டார்.

"எந்தப் பாத்திரம்?"

"மேஜர்ங்க."

"மேஜர் போயாச்சு. காலியா வேற என்ன இருக்குன்னு பார்க்கறேன்." கம்ப்யூட்டரில் தேடினார். "பாலத்துக்கிட்ட இடமிருந்து ரெண்டாவது பிணம் இருக்கு. வேணுமா?"

"நான் உயிரோட இருக்கேனேம்மா."

"அதெல்லாம் பெரிய தடை இல்ல. ஆத்துல துணி துவைக்கிற பொண்ணு இருக்கு. எதிரிப் படையில நிறைய இருக்கு, அதுக்குத்தான் யாரும் வர்றதில்ல. குதிரைக்குக்கூடப் போன வாரம் ஒருத்தர் வந்தாரு. நல்ல சிபாரிசு, கிடைச்சிடுச்சு."

"அந்தச் சண்டையில குதிரையே கிடையாதேம்மா."

"படத்துல இருக்கே" என்றார் அம்மாள், ஒன்றும் தெரியாதவரிடம் பேசுகிற பரிவோடு.

கொஞ்ச நேரம் தேடிவிட்டு, "பரவால்ல, மேஜர்லயே ஒரு துண்டு மிச்சம் இருக்கு" என்றார். பிறகு பொறுமையாக விளக்கினார். மேஜர் ஒரு கூட்டுப் பாத்திரம். பல பேரைச் சேர்த்து ஒருவராக்கியது. குரல், துணிச்சல், நொண்டல் மூன்றும் வயர்லெஸ்ஸுடையது. மீசை வாரியத் தலைவருடையது. காதல் தோல்வி டைரக்டரின் சொந்த அனுபவம். முதுகு, சண்டைப் பயிற்சியாளருடையது.

"இடது கை மட்டும் காலியா இருக்கு. வலது கையில ரிசீவர் இருக்கு பாருங்க, ஸ்டியரிங்கைப் பிடிச்சது இடது கை. அதை யாரும் கேக்கல. மணிக்கட்டு வரைக்கும் தரலாம்."

"அப்போ கியர் மாத்தினது யாரும்மா?"

"படத்துல கியரே மாத்தல."

மணிக்கட்டு வரைக்கும் என்றால் எத்தனை சதவீதம் என்று கேட்டார். மூன்று என்றார். அறுபத்திரண்டுக்கு எதிரே மூன்று. தண்ணிவண்டிக்காரருக்குக் காதில் புகை வந்தது. முழு ஆளும் வேண்டும் என்றார். அதற்கு ஒப்பீட்டு அதிகாரியைப் பார்க்க வேண்டும் என்று மாடிக்கு அனுப்பினார்கள்.

ஒப்பீட்டு அதிகாரியின் அறையில், நடிகரின் ஆளுயரப் படம் சுவரில் ஒட்டியிருந்தது. தண்ணிவண்டிக்காரரை அதன் பக்கத்தில் நிற்கவைத்து, நாடாவைப் பிடித்து அளந்தார் அதிகாரி.

"அரை அடி குறையுறீங்களே, பெரியவரே."

"அவரு நடிகருங்க. உயரமா இருக்காரு."

"நடிகர் உயரமா இருக்கறதுல தப்பே இல்ல. நீங்க அன்னைக்குக் கொஞ்சம் உயரமா இருந்திருக்கலாம்."

அடுத்து வசனம். லாரியில் ஏறியபோது என்ன சொன்னீர்கள் என்று கேட்டார். "மூடியைப் பார்த்துச் சாத்துங்கடா, தலையில இடிச்சிடும்னு சொன்னேன்" என்றார் தண்ணிவண்டிக்காரர். அதிகாரி பேனாவை மூடி வைத்துவிட்டு, இதற்கு யார் பின்னணி இசை போடுவார்கள் என்று வருத்தத்தோடு கேட்டார்.

அடுத்து ஓட்டும் பரிசோதனை. மேஜைமேல் ஒரு ஸ்டியரிங்கைத் திருகிவைத்திருந்தார்கள். எதிரே ஒரு மேஜை விசிறி, அது புயல். தண்ணிவண்டிக்காரர் பழக்கதோஷத்தில் இரண்டு கையாலும் பிடித்தார்.

"ஒரு கை."

"ஒரு கையால ஓட்டினா பாலத்துல வண்டி நிக்காதுங்க."

"ரெண்டு கை போட்டா அது மேஜர் இல்ல. சாதாரண டிரைவர்."

"நான் சாதாரண டிரைவர்தாங்க. நெசமாவே ஓட்டினவன். படம்தான் என்னை மாதிரி இல்ல."

அதிகாரி நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "பெரியவரே, ஒண்ணு புரிஞ்சுக்கோங்க. படம் தணிக்கை ஆயிடுச்சு. நீங்க இன்னும் ஆகல." பிறகு கோப்பில், "சாதாரண டிரைவர் என்று தாமே ஒப்புக்கொண்டார்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஒரு கைப் பழக்கம் வந்த பிறகு வேண்டுமானால் மறுபடி வரலாம் என்றார்.

பொறாமை மனுஷனை என்னவெல்லாம் செய்யவைக்கும் பாருங்கள். நாற்பது வருஷமாக இரண்டு கை, இரண்டு கை என்று ஊருக்குச் சொன்னவர், மறுநாள் காலையில் பயிற்சிக் காரை இடது கையால் மட்டும் ஓட்டினார். வலது கையில் ரிசீவருக்குப் பதிலாக மூக்குக் கண்ணாடிக் கூட்டைக் காதோடு பிடித்திருந்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாணவி, நர்ஸ் வேலை பார்க்கும் பெண், பயந்துபோய்க் கதவைப் பிடித்துக்கொண்டாள். தெருத் திருப்பத்தில் கார் நடைபாதைமேல் ஏறித் தபால் பெட்டியைச் சாய்த்துவிட்டு நின்றது. எதிர்வீட்டு வாசலிலிருந்து வயர்லெஸ் இடது காலை இழுத்துக்கொண்டே ஓடிவந்தார்.

"மாப்பிள்ளை, ரெண்டு கையும் ஸ்டியரிங்ல இருக்கணும்னு நீங்கதானே சொல்வீங்க?" என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். தண்ணிவண்டிக்காரருக்கு அவரைப் பிடித்து அந்தத் தபால் பெட்டிக்குள் போட்டு மூடலாம்போல் இருந்தது. அன்றைக்கே வாரியத் தலைவரிடம் மேல்முறையீடு செய்தார்.

விசாரணை பெரிய மண்டபத்தில் நடந்தது. இரு தரப்புக் குடும்பமும் வர வேண்டும் என்பது விதி. ஆகவே மனைவி வந்து, அண்ணனுக்கும் புருஷனுக்கும் நடுவில் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். வயர்லெஸ் மேஜர் உடுப்பில் வந்திருந்தார். வாரியத்தின் நிரந்தர அழைப்பாளர் என்ற முறையில் டைரக்டரும் கறுப்புக் கண்ணாடியோடு மேடையில் இருந்தார். தலைவர் மீசையைத் தடவிவிட்டு எழுந்தார்.

"நண்பர்களே, வரலாறு என்பது என்ன? நடந்தது. நடந்ததில் என்ன பெருமை இருக்கிறது? அது பாட்டுக்கு நடந்தது. யாரும் ஒத்திகை பார்க்கவில்லை, விளக்குப் போடவில்லை. திரைப்படம் அப்படியல்ல, அது நடந்திருக்க வேண்டியது. மக்கள் டிக்கெட் வாங்குவது நடந்திருக்க வேண்டியதற்குத்தான். அப்படி இருக்கும்போது, நடந்தது என்ற ஒரே காரணத்தை வைத்துக்கொண்டு சிலர் இங்கே படியேறி வருகிறார்கள். வாரியம் உணர்ச்சிகளுக்கு இடம் கொடுக்காது. என்னையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்தச் சண்டையின்போது எனக்கு ஏழு வயது. ஆயினும் மேஜரின் மீசை என்னுடையது என்று வாரியம் ஒருமனதாகத் தீர்மானித்தது. அந்தக் கூட்டத்துக்கு நானே தலைமை தாங்கினேன், ஆகவே பாரபட்சம் உள்ளே நுழைய வழியே இல்லை. உண்மை எங்கே இருந்தாலும் அதைக் கண்டுபிடித்து, படத்துக்கு இடைஞ்சல் இல்லாத இடத்தில் வைப்பதே எங்கள் பணி."

எல்லோரும் கைதட்டினார்கள். பிறகு விளக்கை அணைத்துவிட்டுப் பாலக் காட்சியைத் திரையில் ஓட்டினார்கள். லாரி வந்தது. தொட்டிக்குள்ளிருந்து தட்டும் சத்தம் வந்தது. "கேட்டீர்களா, வீரர்களின் இதயத் துடிப்பு" என்றார் தலைவர். தண்ணிவண்டிக்காரர் தற்செயலாக மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மறு கையால் அண்ணன் கையைப் பிடித்திருந்தாள்.

அவ்வளவுதான், நாற்பது வருஷமாக உள்ளே கிடந்தது பொங்கி வாய்க்கு வந்துவிட்டது. எழுந்து நின்றார்.

"அது யாரு தட்டினது தெரியுமாய்யா? வீரனும் இல்ல, இதயமும் இல்ல. இதோ, இந்த மச்சான். 'இறக்கி விடுடா, எங்கம்மாகிட்ட போறேன்'னு பாலம் முடியற வரைக்கும் அழுதுக்கிட்டே தட்டினாரு. கால்ல சுளுக்கு, அதுக்கே அந்த அழுகை. உசுரு போற நிலைமையில கிடந்தவங்ககூட முனகாம கிடந்தாங்க. வரலாற்றை ஓட்டினாராம். லாரியிலேருந்து குதிக்கத் தெரிஞ்சவரு, ஓட்டத் தெரியாதவரு."

சொல்லி முடித்த அந்தக் கணம் அவருக்கு உடம்பே லேசானதுபோல் இருந்தது. பிறகு வயர்லெஸ்ஸைப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை. வாய் கோணிக்கொண்டு வந்தது. மேஜர் உடுப்போடு அப்படியே குனிந்து, வெளியே சத்தம் வராமல் அழுதார். மனைவி இருவர் பக்கமும் பார்க்காமல் மடியில் கிடந்த தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டைரக்டர் மெதுவாக எழுந்தார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். கண் கலங்கியிருந்தது.

"இது முதல் பாகத்துல இல்லாம போச்சே" என்றார். "மேஜர் அழறாரு. இருட்டுத் தொட்டிக்குள்ள அழறாரு. வெளியே வீரன், உள்ளே குழந்தை. ஐயா, இது ரெண்டாம் பாகம்."

பிறகு மேடையிலிருந்து இறங்கி வந்தார். தண்ணிவண்டிக்காரரைச் சுற்றி ஒரு நடை நடந்தார். இரண்டு கையின் விரல்களையும் சட்டம்போலக் கூட்டி அவர் முகத்தை அதற்குள் வைத்துப் பார்த்தார்.

"நீங்க அவருக்குச் சொந்த மாப்பிள்ளையா? தங்கச்சி புருஷனா?"

"ஆமா."

"நாற்பது வருஷம் மனசுக்குள்ளேயே வச்சிருந்து, இன்னைக்குச் சபையில, பொண்டாட்டி பக்கத்துல இருக்கும்போது எடுத்து வீசறீங்க. அடடா. இந்த ஆளை நானா எழுதியிருந்தா ஒருத்தரும் நம்பமாட்டாங்க."

தலைவர் தீர்ப்பைப் படித்தார். மேல்முறையீடு தள்ளுபடி. அழுகை புதிய பாகத்துக்கு உரியது, அது நடிகரின் விருதுக்குத் தேவைப்படுவதால் நடிகர் கணக்கில் சேரும். வயர்லெஸ்ஸின் அறுபத்திரண்டில் மாற்றமில்லை. இடது கையை இனி வாரியமே வைத்துக்கொள்ளும்.

பஸ்ஸில் மனைவி ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். வீட்டுக்கு வந்ததும் சமையலறைக்குப் போய், கழுவி வைத்திருந்த பாத்திரங்களையே மறுபடி கழுவ ஆரம்பித்தாள். தண்ணிவண்டிக்காரர் வாசற்படியில் நின்று, நிலையைப் பிடித்துக்கொண்டு, "நான் சொன்னது நெசம்தானே?" என்றார்.

"நெசம்தான். எனக்குத் தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"அண்ணனே சொல்லுச்சு. சண்டை முடிஞ்சு வந்தப்போ, என் கல்யாணப் பேச்சு நடந்தப்போ." அவள் திரும்பவில்லை. "உள்ள கிடந்தவங்களுக்கு நினைவில்ல, நான் அழுததைக் கேட்டவன் அவன் ஒருத்தன்தான்னுச்சு. முகாம்ல அத்தனை பேரு இருந்தும் ஒருத்தர்கிட்டகூட அவன் வாயைத் திறக்கல, என்கிட்டகூட ஒரு நாள் குத்திக் காட்டல, இப்படி ஒருத்தன் கிடைக்கமாட்டான், கட்டிக்கோன்னுச்சு. எனக்கு அப்போ வேற ரெண்டு இடம் வந்திருந்துது. ரெண்டு பேருக்கும் நல்ல வேலை. நான் உங்களைத்தான் கட்டிக்கிறேன்னு சொன்னேன்."

"அப்போ இன்னைக்கு அழுதியே, அது அண்ணனை நினைச்சுத்தானே?" என்றார், அந்த நேரத்திலும்.

"அந்தச் சத்தத்தைக் கேட்டதும் அண்ணன் கை நடுங்குச்சு, பிடிச்சுக்கிட்டேன். அழுதது உங்களை நினைச்சு. இவ்வளவு கூத்து நடக்குது, இப்பக்கூட இந்த மனுஷன் வாயைத் திறக்கலயேன்னு நினைச்சேன். நினைச்சு முடிக்கல, எழுந்துட்டீங்க."

தண்ணீர்க் குழாயை மூடிவிட்டு அவள் உள்ளே போனாள். அவர் அந்தப் பாத்திரங்களை எடுத்துத் துடைத்து அடுக்கினார். அடுக்கி முடித்த பிறகும் அங்கேயே நின்றார். வெட்கமாக இருந்தது. எதிர்வீட்டுக்குப் போய் மச்சான் காலில் விழுந்துவிடலாம் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. விழுந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வாசல் வரைக்கும் போனார், எதிரே பித்தளைப் பலகை வெயிலில் பளபளத்தது, திரும்பி வந்துவிட்டார்.

இரண்டாம் பாகம் எடுத்து முடித்தார்கள். ஒருநாள் காலை ஒப்பீட்டு அதிகாரி தாமே வீட்டுக்கு வந்தார், கூடவே பித்தளைப் பலகையும் சுத்தியலும் வந்தன. தண்ணிவண்டிக்காரர் விண்ணப்பமே போடவில்லை. "தேவையில்ல பெரியவரே, வாரியமே தானா முன்வந்து கொடுக்குது" என்றார் அதிகாரி. பலகையில் இருந்தது: "இங்கே அசல் மனிதர் வசிக்கிறார். பாத்திரம்: பொறாமைக்கார மாப்பிள்ளை. பொருத்தம்: 100 சதவீதம்."

"அளந்து பார்க்க வேணாமா?" என்றார் தண்ணிவண்டிக்காரர்.

"உங்களை அளந்துதான் நடிகரையே தேர்வு பண்ணாங்க. உயரம், நடை, முகத்தைச் சுளிக்கிறது, எல்லாம் அச்சு அசல். வாரியம் ஆரம்பிச்சதுலேருந்து நூறு வாங்கின முதல் ஆள் நீங்கதான். தலைவருக்கே அவர் மீசையில அவ்வளவு வரல."

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் வாயெடுத்தார். எதிர்வீட்டு ஜன்னலில் வயர்லெஸ்ஸின் முகம் தெரிந்தது. அவர் பார்வை பலகையிலிருந்த நூறிலேயே நின்றது. தண்ணிவண்டிக்காரர் வாயை மூடிக்கொண்டு, ஆணியை நேராகப் பிடித்துக்கொடுத்தார். மனைவி அன்றைக்குப் பூராவும் வாசல் பக்கம் வரவில்லை.

படம் வெளியான அன்று மதியக் காட்சிக்கு அசல் மனிதர்கள் குடும்பத்தோடு வந்தாக வேண்டும் என்று உத்தரவு. ஒரே படத்தில் இருப்பவர்கள் பேசாமல் இருக்கக் கூடாது என்றும் வாரியத்தில் ஒரு விதி உண்டு, அதனால் மச்சானும் மாப்பிள்ளையும் பேசத் தொடங்கியிருந்தார்கள். தண்ணிவண்டிக்காரர் நடுவில், ஒரு பக்கம் மனைவி, மறு பக்கம் வயர்லெஸ். திரையில் மேஜர் ஒரே நேரத்தில் தொட்டிக்குள் கிடந்து அழுதார், வெளியே ஒரு கையால் லாரியும் ஓட்டினார். ஜனங்கள் அமைதியாகப் பார்த்தார்கள். இரண்டு மூன்று பேர் மூக்கை உறிஞ்சினார்கள்.

பிறகு பொறாமைக்கார மாப்பிள்ளை வந்தார். குட்டை ஆள். அஜீரணக்காரரைப்போல் முகத்தைச் சுளித்துக்கொண்டு ஜன்னல் வழியாக எதிர்வீட்டைப் பார்த்தார். பார்த்ததுதான் தாமதம், தியேட்டர் இரண்டாகப் பிளந்தது. விசில், திட்டு, காகித உருண்டை. முன்வரிசையில் ஒருவர் செருப்பைக் கழற்றித் திரையில் எறிந்தார். அந்த ஆள் வாயைத் திறக்கும்போதெல்லாம் கூரை அதிர்ந்தது.

வயர்லெஸ் இருட்டில் சாய்ந்து வந்து, காதோரமாகச் சொன்னார்.

"என்ன மாப்பிள்ளை இது? நான் அங்க உசுரைக் கொடுத்து அழறேன், ஒருத்தன் வாயைத் திறக்கல. உங்க தலை தெரிஞ்சதும் தியேட்டரே எழுந்து நிக்குது. நூறு வேற போட்டுட்டாங்க." குரலில் வயிற்றெரிச்சல் சுத்தமாகத் தெரிந்தது.

தண்ணிவண்டிக்காரருக்கு அடிவயிற்றிலிருந்து ஒரு குளிர்ச்சி கிளம்பி மேலே வந்தது. எத்தனை நாள் ஆயிற்று இப்படி இருந்து. இன்னொரு செருப்பு பறந்தது, அது தன் பெயருக்கு வந்த மாலை என்றே அவருக்குப் பட்டது. உதட்டை எவ்வளவு இறுக்கியும் அடக்க முடியவில்லை.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தார். மனைவி திரையைப் பார்க்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சிரிக்கிறீங்களா?"

"இல்லையே."

அவள் இன்னும் கொஞ்சம் பார்த்தாள். பிறகு திரைப் பக்கம் திரும்பிக்கொண்டு, அமைதியாகச் சொன்னாள்.

"அந்த வாரியம் இத்தனை வருஷத்துல ஒண்ணே ஒண்ணுதான் சரியாச் சொல்லியிருக்கு."